வானத்து வழக்குகள் – 9: காவலர் கண்டதும் மேஜர் சொன்னதும்

1966 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் போர்ட்டேஜ் கவுன்டி. அதிகாலை மணி ஐந்து. 224ஆம் எண் நெடுஞ்சாலையோரம் கேட்பாரற்று நின்றிருந்த ஒரு காரைச் சோதிக்க, துணை ஷெரிஃப் டேல் ஸ்பாரும் அவருடன் ரோந்து வந்த வில்பர் நெஃப்பும் தங்கள் வண்டியிலிருந்து இறங்கினார்கள். காருக்குள் வயர்லெஸ் கருவிகள் கிடந்தன. ஆள் யாருமில்லை.

சற்றுமுன் அவர்களுடைய வயர்லெஸ்ஸில் ஒரு தகவல் வந்திருந்தது. பக்கத்து சம்மிட் கவுன்டியில் ஒரு பெண், வீட்டளவு பெரிதான, வெளிச்சமான ஏதோ ஒன்று தன் தலைக்கு மேலே பறந்து போனதாகப் போலீஸுக்குப் போன் செய்திருந்தார். இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தேகத்துக்குரிய வண்டியை நெருங்கும்போது தன் முதுகுப் பக்கத்தையும் பார்த்துக்கொள்வது ஸ்பாரின் பழக்கம். அன்றும் திரும்பிப் பார்த்தார். சாலையை ஒட்டிய மரக்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் மேலே எழுந்து வந்துகொண்டிருந்தது. நெஃப்பையும் பார்க்கச் சொன்னார். அது அவர்கள் இருந்த பக்கமாகவே வந்தது. தரையெல்லாம் வெளிச்சம். ஸ்பார் குனிந்து தன் கைகளையும் உடைகளையும் பார்த்துக்கொண்டார், எதுவும் தீப்பற்றவில்லை. சுமை தாங்காத டிரான்ஸ்ஃபார்மர் போல ஒரு ரீங்காரம் கேட்டதாகப் பின்னர் சொன்னார். அகலம் 40 அடி இருக்கும் என்பது அவர் கணக்கு. இருவரும் ஓடிப்போய்த் தங்கள் வண்டிக்குள் ஏறிக்கொண்டார்கள்.

நிலையத்தில் பணியிலிருந்த சார்ஜென்ட், கேமரா உள்ள வேறொரு வண்டி வந்து சேரும்வரை அதைக் கண்பார்வையிலேயே வைத்திருக்கும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவிட்டார். அது கிழக்கே நகர்ந்தது. வண்டியும் கிளம்பியது. வேகமானி ஒரு கட்டத்தில் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. வளைவில் இவர்கள் பின்தங்கினால் அது நின்று காத்திருப்பதுபோல இருந்தது. நெருங்கினால் விலகிப் போனது.

மாநில எல்லையோரம் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூர். அங்கே காவலர் வெய்ன் ஹூஸ்டன் இந்த வயர்லெஸ் பேச்சைக் கேட்டுக்கொண்டே காரை நிறுத்திவிட்டு வெளியே நின்றிருந்தார். முதலில் அந்த வெளிச்சம் அவரைக் கடந்தது. அதன் பின்னாலேயே போர்ட்டேஜ் கவுன்டி வண்டி சீறிக்கொண்டு வந்தது. ஹூஸ்டனும் பின்தொடர்ந்தார். எல்லை தாண்டி பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தார்கள். பெட்ரோல் தீரும் நிலையில் கான்வே என்ற ஊருக்குப் போனபோது, அங்கே ஃப்ராங்க் பான்சனெல்லா என்ற காவலர் தன் காருக்கு வெளியே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சில நிமிடங்களாக அதைத்தான் பார்த்திருந்தார். துரத்தல் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 85 மைல் வந்திருந்தார்கள். வானம் வெளுக்கத் தொடங்கிய அந்த வேளையில் நான்கு காவலர்களும் ஒன்றாக நின்று பார்க்க, அது நேர் மேலே ஏறி மறைந்தது.

மூன்று ஊர்க் காவல்துறைகள், நான்கு காவலர்கள். விமானப்படைக்கு இதைவிட நல்ல சாட்சிகள் கிடைப்பது அரிது.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 22ஆம் தேதி, விமானப்படையின் முடிவு வெளியானது. காவலர்கள் முதலில் எக்கோ செயற்கைக்கோளைப் பார்த்தார்கள். பிறகு பார்வை வெள்ளிக்கோளுக்கு மாறியிருக்கிறது. அந்த விடிவெள்ளியைத்தான் இத்தனை மைல் துரத்தியிருக்கிறார்கள்.

இந்த முடிவுக்கு வருமுன் நடந்த விசாரணை என்ன தெரியுமா? இத்தகைய புகார்களை விசாரித்த விமானப்படையின் 'புளூ புக்' திட்டத்தின் தலைவர் மேஜர் ஹெக்டர் குவின்டனிலா, ஸ்பாரிடம் தொலைபேசியில் சில நிமிடங்கள் பேசினார். பேச்சின் தொடக்கத்திலேயே, அவர் கண்ட கானல் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்டதாக ஸ்பார் பின்னர் கூறினார். கேள்வியிலேயே பதில் இருந்தது. ஹூஸ்டனிடமும் பான்சனெல்லாவிடமும் வாக்குமூலம் வாங்காமலே கோப்பு முடிக்கப்பட்டது.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

மூன்று பேர் கொண்ட அலுவலகம்

1952இல் வாஷிங்டன் நகரின் மேலே தோன்றிய விளக்குகளும், அதையொட்டி நாடெங்கும் குவிந்த புகார்களும் ஏற்படுத்திய பதற்றத்தை முந்தைய வாரங்களில் பார்த்தோம். அந்த ஒரே ஆண்டில் விமானப்படைக்கு வந்த புகார்கள் 1,501. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கவலைப்பட்டது. வேற்றுக்கிரக வாசிகள் அதன் கவலையில் இல்லை. சோவியத் ஒன்றியம் தாக்கும் நேரத்தில் பறக்கும் தட்டுப் புகார்களால் தகவல்தொடர்பு அடைபட்டுப் போனால் என்ன செய்வது என்பதே அதன் கவலை. 1953 ஜனவரியில் இயற்பியலாளர் ஹெச்.பி. ராபர்ட்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழு கூடியது. பொருள்களால் ஆபத்தில்லை, அவற்றைப் பற்றிய மக்களின் பரபரப்பில்தான் ஆபத்து என்று அது முடிவு செய்தது. அந்தப் பரபரப்பைத் தணிக்க, மர்மங்களை விளக்கி உடைக்கும் பிரசாரம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதே காலத்தில் விமானப்படை ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தது. எண் 200-2. ஒரு பொருள் இன்னதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே படைத்தளங்கள் பத்திரிகைகளுக்கு விவரம் தரலாம்; தெரியாதவை வெளியே போகக்கூடாது. ஆக, பொதுமக்கள் முன் பேச வேண்டுமானால் கையில் ஒரு விளக்கம் இருந்தே ஆகவேண்டும் என்ற நிலை உருவானது. தெரியாது என்று சொல்வது தோல்வி என்ற மனப்பாங்கு அந்த அலுவலகத்தில் இப்படித்தான் வேரூன்றியது.

அந்த அலுவலகமும் பெரிதல்ல. ஒஹாயோவின் டேட்டன் நகருக்கருகே ரைட்–பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் ஓர் அதிகாரி, ஓர் உதவியாளர், ஒரு தட்டச்சர் என்ற அளவில்தான் புளூ புக் பெரும்பாலான காலம் இயங்கியது. அறிவியல் ஆலோசகராக வானியலாளர் ஆலன் ஹைனெக் இருந்தார். 1965இல் 887 புகார்கள், 1966இல் 1,112 புகார்கள் இவர்களிடம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் விசாரிக்க ஆளும் கிடையாது, பணமும் கிடையாது. மேசையில் இருந்தபடியே வானியல் அட்டவணையையும் செயற்கைக்கோள் நேரப் பட்டியலையும் புரட்டி, பொருந்துவதாகத் தோன்றுவதை எழுதினார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. 1955 முதல் யு-2 உளவு விமானங்கள் சோதனை ஓட்டங்களில் 60,000 அடிக்கு மேல் பறந்தன. பயணிகள் விமானங்கள் அப்போது பறந்த உயரத்தைவிட அது மிக அதிகம். அந்தி நேரத்தில் கீழே இருட்டிய பிறகும் அவற்றின் வெள்ளி இறக்கைகள் வெயிலில் மின்னின. அவற்றைப் பார்த்தவர்கள் புகார் செய்தார்கள். புளூ புக் அலுவலகம் சிஐஏவிடம் ரகசியமாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, வெளியே வேறு காரணம் சொன்னது. 1997இல் சிஐஏவே வெளியிட்ட வரலாற்றாய்வு இதை ஒப்புக்கொண்டது. ஆக, அதிகாரபூர்வ விளக்கங்களில் சில, பொய் என்று தெரிந்தே சொல்லப்பட்டவை.

சொக்கோரோவில் ஒரு விதிவிலக்கு

இதே குவின்டனிலா, இதே அலுவலகம், வேறுவிதமாகவும் நடந்துகொண்டதுண்டு. நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சொக்கோரோ நகரில் 1964 ஏப்ரல் 24 மாலை, காவலர் லோனி சமோரா வேகமாகப் போன ஒரு காரைத் துரத்திக்கொண்டிருந்தார். திடீரென ஓர் உறுமல். தென்மேற்கே வானில் நெருப்பு. அந்தப் பக்கம் வெடிமருந்து வைக்கும் கொட்டகை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். அது வெடித்துவிட்டதென்று நினைத்து, துரத்தலைக் கைவிட்டு மண்பாதையில் திரும்பினார்.

பள்ளத்தில் பளபளப்பாக ஏதோ தெரிந்தது. கவிழ்ந்த கார் என்று நினைத்தார். அருகே வெள்ளை உடையில் இரு உருவங்கள். இன்னும் கிட்டப் போனபோது, அது கால்களூன்றி நிற்கும் முட்டை வடிவப் பொருளாகத் தெரிந்தது. பக்கவாட்டில் சிவப்பாக ஒரு சின்னம். மறுபடியும் உறுமல், அடியில் நெருப்பு. சமோரா ஓடினார். ஓடுகையில் காரில் மோதிக் கண்ணாடி கீழே விழுந்தது. பொருள் எழும்பி, உறுமல் ஓய்ந்து, சத்தமே இல்லாமல் மலைப்பக்கம் போய் மறைந்தது.

மாநிலக் காவல்துறை சார்ஜென்ட் சாம் சாவெஸ் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தார். செடிகள் கருகிப் புகைந்துகொண்டிருந்தன. தரையில் நான்கு பள்ளங்கள் பதிந்திருந்தன. விமானப்படை உடனே ஆளனுப்பியது. ஹைனெக் நேரில் போனார். குவின்டனிலா நிலாவில் இறங்கும் கலத்தின் சோதனை, ஹெலிகாப்டர், பலூன் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளம் வரை கேட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் கோப்பில் 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதினார்.

1966இல் சிஐஏவின் உள்சுற்று இதழில் குவின்டனிலாவே ஒரு கட்டுரை எழுதினார். சமோராவின் நம்பகத்தன்மையில் தனக்கு ஐயமே இல்லை என்றும், தங்களிடமுள்ள வழக்குகளில் மிக நன்றாக ஆவணப்படுத்தப்பட்டது இதுதான் என்றும், எவ்வளவு தேடியும் விடை கிட்டவில்லை என்றும் அதில் குறிப்பிட்டார். சொக்கோரோவுக்கு விடை சொல்ல முயன்றவர்கள் பின்னாளில் பலர்: விண்கலச் சோதனை என்றார்கள் சிலர், உள்ளூர்க் கல்லூரி மாணவர்களின் குறும்பு என்றார்கள் சிலர். விவாதம் இன்றும் நடக்கிறது. கோப்பு நேர்மையாகத் திறந்தே வைக்கப்பட்டதால்தான் அந்த விவாதத்துக்கு ஆதாரங்கள் மிச்சமிருக்கின்றன.

எக்ஸெட்டர்: மறுத்து எழுதிய இரு காவலர்கள்

அடுத்த ஆண்டு, 1965 செப்டம்பர் 3. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் எக்ஸெட்டர் நகரம். நள்ளிரவு தாண்டி 2.24 மணிக்கு 18 வயது இளைஞன் ஒருவன் முகமெல்லாம் வெளிறிக் காவல்நிலையத்துக்குள் வந்தான். கடற்படையில் சேரச் சில வாரங்களே இருந்தன அவனுக்கு. இருட்டில் நெடுஞ்சாலையோரம் நடந்து வந்தபோது, சிவப்பு விளக்குகள் வரிசையாக மின்னும் பெரிய பொருளொன்று தன்னை நோக்கி வந்ததாகவும், பள்ளத்தில் குதித்துத் தப்பியதாகவும் சொன்னான்.

பணியிலிருந்த காவலர் யூஜின் பெர்ட்ரண்ட்டுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் சாலையோரம் காரில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை அவர் பார்த்திருந்தார். சிவப்பு விளக்குகளோடு ஏதோ ஒன்று தன் காரைப் பல மைல் தொடர்ந்து வந்தது என்று அந்தப் பெண் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. இப்போது அந்த இளைஞனைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே வயலுக்குப் போனார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச் விளக்கோடு வயலுக்குள் நடந்தார்கள். பக்கத்துப் பண்ணையில் குதிரைகள் திடீரென்று கனைத்துத் தொழுவத்தை உதைத்தன, நாய்கள் ஊளையிட்டன. மரங்களுக்குப் பின்னாலிருந்து அது எழும்பியது. சத்தமே இல்லை. ஐந்து சிவப்பு விளக்குகள், ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏறி, ஐந்திலிருந்து ஒன்றுவரை இறங்கி, மாறி மாறி எரிந்தன. வயல் முழுக்கச் செக்கச்செவேல் என்றானது. பெர்ட்ரண்ட் முழங்காலிட்டு ரிவால்வரை உருவினார். மறுகணம் வேண்டாமென்று உறையிலிட்டார். இளைஞனை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். வயர்லெஸ் அழைப்பைக் கேட்டு வந்த காவலர் டேவிட் ஹன்ட்டும் அதைப் பார்த்தார்.

அருகிலிருந்த பீஸ் விமானப்படைத் தளத்திலிருந்து அதிகாரிகள் வந்து மூவரையும் விசாரித்தார்கள். இவர்கள் நிதானமானவர்கள், நம்பத்தகுந்தவர்கள், காரணம் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று தளத்தின் அறிக்கை சொன்னது. ஆனால் அக்டோபர் இறுதியில் பென்டகன் சொன்னது வேறு. அந்தப் பகுதியில் விமானப்படைப் பயிற்சி நடந்தது. அதோடு குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று படியும்போது நட்சத்திரங்களும் கோள்களும் அலைபாய்ந்து மின்னுவது போலத் தெரியும். இவர்கள் கண்டது அவ்வளவுதான்.

சிறிய ஊர். தெருவில் நடக்கும் காவலரை எல்லோருக்கும் தெரியும். நட்சத்திரத்தைப் பார்த்து ரிவால்வரை உருவியவர் என்ற பெயரோடு ஒருவர் அந்த ஊரில் எப்படி வேலை செய்வது? பெர்ட்ரண்ட்டும் ஹன்ட்டும் புளூ புக்குக்குக் கடிதம் எழுதினார்கள். கோபத்தைக் கொட்டாமல் விவரங்களை வரிசைப்படுத்தினார்கள். நீங்கள் சொல்லும் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே நாங்கள் அதைப் பார்த்தோம். எங்கள் தலைக்கு மேலே, மரங்களுக்குச் சற்று மேலே இருந்ததை நட்சத்திரம் என்பது எப்படி? பெர்ட்ரண்ட் நான்காண்டு விமானப்படையில் இருந்தவர். வானிலேயே எரிபொருள் நிரப்பும் கேசி-97 விமானங்களோடு பழகியவர். பொறுப்பான காவலர்கள் என்ற எங்கள் பெயர் கெட்டுப்போகிறது என்று எழுதினார்கள்.

1966 தொடக்கத்தில் விமானப்படைச் செயலர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நீங்கள் அனுப்பிய கூடுதல் தகவல்களின்படி, செப்டம்பர் 3 அன்று நீங்கள் பார்த்த பொருளை எங்களால் அடையாளம் காண முடியவில்லை என்றது அது. பத்திரிகையாளர் ஜான் ஃபுல்லர் இந்த வழக்கை நூலாக்கி அதே ஆண்டு வெளியிட, எக்ஸெட்டர் உலகப் புகழ் பெற்றது.

கதை அங்கே முடியவில்லை. 2011இல் ஆய்வாளர் ஜோ நிக்கலும் முன்னாள் விமானப்படை விமானி ஜேம்ஸ் மக்கஹாவும் ஒரு விளக்கம் தந்தார்கள். கேசி-97 எரிபொருள் விமானத்தின் அடிவயிற்றில், பின்னால் வரும் விமானிக்குச் சைகை தர ஐந்து சிவப்பு விளக்குகள் வரிசையாக உண்டு. அவை மாறி மாறி எரியும். காவலர்கள் விவரித்த அந்த வரிசை அப்படியே இதில் பொருந்துகிறது. சத்தம் ஏன் கேட்கவில்லை, அத்தனை தாழ்வாக எப்படி வந்தது, அந்த விமானத்தை நன்கறிந்த பெர்ட்ரண்ட்டுக்கே ஏன் அடையாளம் தெரியவில்லை என்ற கேள்விகள் நிற்கின்றன. ஆனாலும் 46 ஆண்டுகளில் முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் இதுவே வலுவானது என்பேன். இந்த விளக்கத்துக்கு மூலப்பொருளாக இருந்தது எது? ஐந்து விளக்குகளின் வரிசையைத் துல்லியமாகச் சொன்ன காவலர்களின் சாட்சியம். எந்தச் சாட்சியத்தை நட்சத்திரம் என்று சொல்லி ஒதுக்கினார்களோ, அதற்குள்ளேயே விடைக்கான தடயம் இருந்தது.

சதுப்பு நிலமும் நாடாளுமன்றமும்

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தின் டெக்ஸ்டர், ஹில்ஸ்டேல் ஊர்களில் விளக்குகள் தெரிந்தன. பார்த்தவர்களில் துணை ஷெரிஃப்களும் இருந்தார்கள். ஹைனெக் அங்கே போனார். மார்ச் 25ஆம் தேதி டெட்ராய்ட்டில் நெரிசலான பத்திரிகையாளர் சந்திப்பு. அழுகும் தாவரங்களிலிருந்து எழும் சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்றார் அவர். குறிப்பிட்ட இரு சம்பவங்களுக்கு மட்டுமான யூகம் அது. மறுநாள் நாளிதழ்களில் அது எல்லாப் பறக்கும் தட்டுகளுக்குமான விடையாக மாறி, நாடே கேலி செய்தது.

மிச்சிகனிலிருந்து தேர்வான ஜெரால்ட் ஃபோர்டு அப்போது பிரதிநிதிகள் சபையில் எதிர்க்கட்சித் தலைவர். பிறகு நாட்டின் அதிபரானவர். மக்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் தரப்பட வேண்டும் என்று விசாரணை கோரினார். ஏப்ரல் 5ஆம் தேதி சபையின் ராணுவக் குழு முன் விமானப்படைச் செயலர் ஹெரால்ட் பிரவுனும் ஹைனெக்கும் குவின்டனிலாவும் பதில் சொன்னார்கள். பல்கலைக்கழகம் ஒன்றிடம் சுதந்திரமான ஆய்வை ஒப்படைக்கலாம் என்ற பேச்சு அங்கே வலுப்பெற்றது.

அதற்குச் சரியாக 12 நாள் கழித்துத்தான் ஸ்பாரும் நெஃப்பும் அந்தச் சாலையோரக் காரைச் சோதிக்க இறங்கினார்கள். விமானப்படை எவ்வளவு அழுத்தத்தில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு 'தெரியவில்லை'யை அந்த நேரத்தில் தாங்க அதற்குத் தெம்பில்லை.

வெள்ளியா, வேறா?

ஒஹாயோவில் எதிர்ப்பு கிளம்பியது. நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஸ்டான்டன் விமானப்படையிடம் நேரில் முறையிட்டார். மக்களிடம் விமானப்படை தன் மதிப்பை இழந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். வேறு வழியின்றி மே 10ஆம் தேதி குவின்டனிலா ரவென்னா நகர ஷெரிஃப் அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பேச்சு பதிவு செய்யப்பட்டது. ஸ்பார் தன் கதையைத் திரும்பச் சொன்னார். கடைசியில் நின்ற இடத்தில் தேய்பிறை நிலவையும் அதன் பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தையும் பார்த்ததாகவும், அந்தப் பொருள் அவ்விரண்டுக்கும் வேறாக நின்றதாகவும் விளக்கினார். ஷெரிஃப் ராஸ் டஸ்ட்மன் தன் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை. குவின்டனிலாவும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளி வெள்ளிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹைனெக் அந்த முடிவை ஏற்கவில்லை; கோப்பில் மட்டும் மாற்றமில்லை.

விமானப்படையின் வாதத்தையும் நாம் நியாயமாக எடைபோட வேண்டும். அந்த ஏப்ரலில் வெள்ளி விடியலுக்கு முன் கிழக்கு வானில் மிகப் பிரகாசமாக இருந்தது உண்மை. காவலர்கள் போனதும் கிழக்குத் திசைதான். பேருந்து ஜன்னலில் உட்கார்ந்த குழந்தைக்கு நிலா கூடவே ஓடிவருவது போலத் தோன்றுகிறதே, அதே விளைவுதான் வேகமாக ஓட்டுபவருக்கு விடிவெள்ளியிலும் ஏற்படும். வண்டி நின்றால் அதுவும் நிற்கும், கிளம்பினால் அதுவும் கிளம்பும். தூக்கமில்லாத இரவு, பதற்றம், வயர்லெஸ்ஸில் வந்த எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்தால் தேர்ந்த கண்ணும் ஏமாறும். 1967 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் மில்லட்ஜ்வில் வட்டாரக் காவலர்கள் இதேபோல் விடியற்காலையில் ஒரு வெளிச்சத்தைத் துரத்தினார்கள். அது வெள்ளி என்பது பின்னர் நேரடி விசாரணையில் தெளிவானது. சீருடை போட்டவர் கண்ணும் மனிதக் கண்தான்.

ஒஹாயோ துரத்தலின் கடைசி மைல்களில் வெள்ளி ஒரு பங்கு வகித்திருக்கலாம். ஆனால் மரங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்து, தலைக்கு மேலே வந்து, தரையை ஒளியாக்கி, ரீங்காரமிட்டதாகச் சொல்லப்பட்டதை வெள்ளி விளக்காது. அதைச் செயற்கைக்கோளும் விளக்காது. எக்கோ என்பது அன்று வெறும் கண்ணுக்கே தெரிந்த மாபெரும் பலூன் செயற்கைக்கோள். நட்சத்திரம் போல வானத்தைச் சீராகக் கடந்து போகும், அவ்வளவே. ஸ்பார் சொன்னது முழுக்கத் தவறு என்றால், எந்த இடத்தில் எப்படித் தவறினார் என்று காட்டியிருக்க வேண்டும். மில்லட்ஜ்வில்லில் அதைத்தான் செய்தார்கள். நேரில் போய், அதே நேரத்தில், அதே திசையில் பார்த்தார்கள். போர்ட்டேஜ் கவுன்டிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

விலையைக் கொடுத்தவர்கள் காவலர்கள். கேலிக்குப் பயந்து, மறுபடி அந்தப் பொருள் தெரிந்தால் வயர்லெஸ்ஸில் 'ஃப்ளாய்ட்' என்ற பெயரால் மட்டும் அதைக் குறிப்பிட ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஃப்ளாய்ட் என்பது ஸ்பாரின் நடுப்பெயர். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு செய்தியாளர் தேடிப் போனபோது, ஸ்பார் காவல்பணியை விட்டிருந்தார். அவருடைய குடும்பம் சிதைந்திருந்தது. இன்னொருவர் அதைப் பற்றிப் பேசவே மறுத்தார். மற்றொருவர் காவல்பணியை விட்டு, நாட்டின் மறுகோடியில் பேருந்து ஓட்டப் போயிருந்தார். ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததால் இவர்கள் வாழ்க்கை தடம் புரளவில்லை. பார்த்ததை அறிக்கையாகக் கொடுத்ததும், அந்த அறிக்கையை ஓர் அலுவலகம் கேலிப்பொருளாக்கி அனுப்பியதும்தான் அவர்களை உடைத்தன.

இதன் விளைவு காவலர்களோடு நிற்கவில்லை. இப்படி நடந்தபிறகு, வானத்தில் புரியாத ஒன்றைக் காணும் எந்தக் காவலர் அறிக்கை எழுதுவார்? விமானப்படை உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, ஒருவேளை எதிரிநாட்டு விமானமே, ஒரு நாள் வந்திருந்தாலும் சாட்சிகள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், பொருந்தாத விளக்கங்களைக் கேட்டுக் கேட்டு மக்கள் சரியான விளக்கங்களையும் நம்ப மறுத்தார்கள். விமானப்படை எதையோ மறைக்கிறது என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. பரபரப்பைத் தணிக்க 1953இல் வகுத்த வழியே பரபரப்பை வளர்த்தது.

வேற்றுக்கிரகக் கலம் ஒன்று அமெரிக்கச் சாலைகளில் காவலர்களோடு ஓடிப்பிடித்து விளையாடியது என்று இந்த வழக்குகளை வைத்து நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரமில்லை. நான் சொல்வது வேறு. சொக்கோரோவில் 'தெரியவில்லை' என்று எழுதியபோது விமானப்படைக்கு எந்தக் குறைவும் வரவில்லை. எக்ஸெட்டரில் முதலில் சொன்னதைத் திரும்பப் பெற்றபோதும் வானம் இடிந்து விழவில்லை. மாறாக, விடை தேடும் வழி திறந்தே இருந்தது. போர்ட்டேஜ் கவுன்டியில் மட்டும் அந்த ஒரு சொல்லுக்கு அதிகாரிகள் அஞ்சினார்கள். ஓர் அரசு அலுவலகம் குடிமக்களுக்குத் தரக்கூடிய விடைகளில் மிக மோசமானது, விசாரிக்காமல் தரும் விடைதான். அது தற்செயலாகச் சரியாக இருந்தாலும் யாரும் அதை நம்பமாட்டார்கள், நம்பத் தேவையுமில்லை.

இந்த அவநம்பிக்கையின் நடுவேதான் 1966 அக்டோபரில், கொலராடோ பல்கலைக்கழகத்திடம் ஆய்வுப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் நாடறிந்த இயற்பியலாளர் எட்வர்ட் கான்டன். ஹைனெக் உட்படப் பலர் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். 1969 டிசம்பர் 17ஆம் தேதி புளூ புக் இழுத்து மூடப்பட்டபோது கணக்கில் இருந்த 12,618 புகார்களில் 701 அடையாளம் காணப்படாதவை. சமோராவின் வழக்கு அந்த 701இல் இருந்தது. ஸ்பாரின் வழக்கு இல்லை.

ஆய்வு முடிவதற்கு முன்பே கான்டன் குழுவுக்குள்ளிருந்து ஒரு குறிப்புக் கடிதம் வெளியே கசிந்து, குழுவையே இரண்டாகப் பிளந்தது. அதில் என்ன இருந்தது, யார் அதை வெளியிட்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)